சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கடனைப் பேசி முடியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அழகுக்கலைத் தொழிலுக்கு வர நினைக்கும் நம் பெண்களுக்காக, குறிப்பாகக் கழுத்துவரை கடனை வைத்துக்கொண்டு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் கொடுத்தால் பலருக்கு உதவியாக இருக்கும்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சின்ன அழகு நிலையத்தில் த்ரெடிங் செய்பவளாகத் தொடங்கி, இப்போது சொந்தமாக மணப்பெண் அலங்காரம் செய்துவருகிறேன். பல வருஷமாக எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது இந்தத் தொழில்தான். என்னிடம் புருவம் திருத்த வருபவர்கள், மருதாணி வைத்துக்கொள்ள வருபவர்கள், அவர்களுடைய தங்கைகள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று யாராவது ஒருவர் அடிக்கடி கேட்பார்கள்: "அக்கா, ராஜினாமா கடிதம் குடுத்துடலாம்னு இருக்கேன், உங்ககூட வந்து கத்துக்கட்டுமா?" விளையாட்டுக்குக் கேட்பவர்கள் இல்லை. கிளினிக் வரவேற்பு மேசையில் இருப்பவர், பாலர் பள்ளி ஆசிரியை, கணக்கு வேலை பார்ப்பவர், சாங்கி விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருபவர். கை சுத்தமாக வேலை செய்யும், நிறம் பார்க்கும் கண் இருக்கும், பேச்சும் இனிமையாக இருக்கும். உடனே வா என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனாலும் நான் முதலில் கேட்பது, "கடன் எவ்வளவு இருக்கு?" என்றுதான்.

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்வார்கள், "இருக்கு அக்கா, தொழில் புடிச்சிக்கிட்டதும் அடைச்சிடுவேன்."

இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். வேலையில் இருக்கும்போதே கடனுக்கு ஒரு வழி செய்துவிட்டு அப்புறம்தான் வேலையை விட வேண்டும். கடைசிக் காசுவரை அடைத்த பிறகுதான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் பாதிப் பேர் இந்தப் பக்கமே வர முடியாது. வங்கியோடு பேசி, வட்டியைக் குறைத்து, மாதம் இவ்வளவு, இத்தனை வருஷம் என்று எழுத்தில் வாங்கிய பிறகு விடுங்கள் என்கிறேன். ஏனென்றால் அந்தப் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் இருக்கும் ஒரே பலம் அந்தச் சம்பளச் சீட்டு. அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபிறகு கெஞ்சினாலும் கதவு திறப்பது கஷ்டம்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்தத் தொழிலை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். முகூர்த்தம் காலை ஏழரைக்கு என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு மணப்பெண் வீட்டில் நிற்க வேண்டும், எம்ஆர்டி ஓடாத நேரம், பெட்டியை இழுத்துக்கொண்டு டாக்சியில்தான் போகணும். பவுடர் பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தச் சொல்வேன், ஏர்கான் இல்லாத அறை என்றால் பெண்ணின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்துக்கொண்டே இருக்கும், டிஷ்யூவால் ஒற்றி ஒற்றித்தான் வேலை செய்ய வேண்டும். நம் பெண்களின் மாநிறத்துக்கு ஒரே பாட்டில் ஃபவுண்டேஷன் பெரும்பாலும் சரிவராது. என் புறங்கையில் இரண்டு நிறத்தைக் குழைத்து, அவள் தாடையோரம் ஒரு கோடு இழுத்து, அது தோலோடு கரைகிறதா என்று பார்த்த பிறகுதான் முகத்தில் ஏற்றுவேன். ஒரு படி வெளுப்பாகப் போய்விட்டால் மண்டப விளக்கில் முகம் சாம்பல் பூத்துத் தெரியும், கழுத்து தனி நிறமாக நிற்கும், அந்தப் போட்டோ அந்தக் குடும்பத்தின் சுவரில் காலத்துக்கும் தொங்கும். அப்புறம் சவுரி வைத்துப் பின்னி, பூ சுற்றி, ஜடைநாகம் கட்டி, அவள் ஐயர் முன்னால் உட்கார்ந்து எழுந்தாலும் புடவை மடிப்பு கலையாதபடி ஊசி குத்தி முடிக்கும்போது, அவளுடைய அம்மா கதவோரம் வந்து நின்று பேசாமல் பார்ப்பார் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

ஆனால் இந்தக் கை வருவதற்குச் சில வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களில் வருமானம் சொற்பம். அழகு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் குறைவு, மிச்சமெல்லாம் கமிஷன். தனியாகச் செய்தால் ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட்டுத்தான் ஆள் சேரும். இதுவும் போகட்டும், நம் கல்யாணங்களுக்கு ஒரு காலம் உண்டு. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பல குடும்பங்கள் வைப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஓய்வே இருக்காது, ஒரே நாளில் மூன்று பேர் கூப்பிடுவார்கள், இரண்டு பேருக்கு முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். கிரெடிட் கார்டு கம்பெனிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. மாதம் பிறந்தால் ஸ்டேட்மெண்ட் வந்துவிடும்.

என்னிடம் அண்மையில் வந்த ஒரு பெண்ணின் கணக்கை, யாரென்று தெரியாதபடி, இங்கே எழுதுகிறேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். வயது நாற்பதைத் தொடவில்லை. சம்பளம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மத்திய சேம நிதி (மசேநி) பிடித்ததுபோகக் கைக்கு வருவது 2,400. இரண்டு கார்டுகளில் சேர்த்து 14,000 வெள்ளி நிலுவை. அம்மாவின் மருத்துவச் செலவு கொஞ்சம், தம்பி கல்யாணத்துக்குச் செய்த சீர் கொஞ்சம், மிச்சம் எல்லாருக்கும் ஏறுவதுபோல் ஏறியது. "மாசம் நாலு கல்யாணம் புடிச்சா இந்த 2,400 வந்துடும் அக்கா" என்றாள். உட்காரு என்று ஒரு தாளை எடுத்தோம்.

கார்டு வட்டி ஆண்டுக்கு 27, 28 விழுக்காடு என்று போகிறது. 27 என்றே வைத்தால் 14,000 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் 315 வெள்ளி. குறைந்தபட்சம் கட்ட வேண்டிய 3 விழுக்காடு 420 வெள்ளி. அதாவது அவள் ஒழுங்காக 420 கட்டினால் கடன் குறைவது 105 வெள்ளிதான். அதற்குள் அதே கார்டில் ஒரு தடவை மளிகை வாங்கினால் அதுவும் போச்சு. வட்டி இவ்வளவு என்று அவள் தெரிந்துவைத்திருந்தாள், ஆனால் 420-இல் 315 எங்கே போகிறது என்று யாரும் எழுதிக் காட்டியதில்லை.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம், பெரும்பாலானோர் கணக்கில் எடுக்காதது. அவள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தவணை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்து ஒரு காசு கொடுக்காததால் வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. 3,000 வெள்ளிச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 20 விழுக்காடு 600, முதலாளி பங்கு 17 விழுக்காடு 510, ஆக 1,110 வெள்ளி மாதம் மசேநிக்குப் போகிறது. அவள் வயதுக்கு அதில் 630 வெள்ளி சாதாரணக் கணக்கில் விழும். வேலையை விட்ட மாதத்தோடு இது நின்றுவிடும். சுயதொழில் செய்பவருக்குக் கட்டாயம், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கு மட்டும்தான், அதுவும் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால். சாதாரணக் கணக்கில் ஏற்கெனவே இருப்பது கரையும்வரை வீட்டுத் தவணை ஓடும், அப்புறம் அந்தப் பணம் ரொக்கமாகக் கையிலிருந்து போகணும். ஆகவே அவள் ஈடுகட்ட வேண்டியது 2,400 இல்லை. அவளிடம் பிடிக்கும் 600-ஐயும் முதலாளி தரும் 510-ஐயும் சேர்த்து 3,510 வெள்ளி. அதற்கு மேல் டாக்சி, ஃபவுண்டேஷன், பின்னு, பூ, உதவிக்கு வரும் பெண்ணுக்குக் கூலி எல்லாம் தனி.

தாளைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். நான் அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வாரமே வங்கிக்குப் போ, வேலையில் இருக்கும்போதே போ என்றேன்.

வேலையில் இருப்பவருக்கு என்னென்ன வழி திறந்திருக்கிறது என்று பாருங்கள். கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வங்கி முதலில் கேட்பது சம்பளச் சீட்டும் மசேநி கணக்கு விவரமும்தான். அடமானமில்லாக் கடன் மாத வருமானத்தைப் போல 12 மடங்கைத் தாண்டிவிட்டது என்றால், 2017 ஜனவரியில் வந்த கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் இருக்கிறது, பல வங்கிகளில் சிதறிக் கிடப்பதை ஒரே வங்கிக்குக் கொண்டுவந்து கட்டலாம், அதற்கும் வருமானச் சான்று வேண்டும். வங்கியோடு தனியாகப் பேசப் பயமாக இருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது, அவர்களே உட்கார்ந்து வரவு செலவு பார்த்து, உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணித்து, வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கிகளிடம் பேசுவார்கள். மாதம் கட்ட முடியும் என்று காட்ட வருமானம் இருந்தால்தான் அந்தப் பேச்சு நடக்கும்.

இதே பெண் ராஜினாமா கொடுத்து மூன்று மாதம் கழித்து அதே வங்கிக்குப் போனால் என்ன ஆகும்? சுயதொழில் என்றால் வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பைக் கேட்பார்கள். தொழில் தொடங்கிய முதல் வருஷத்தில் அது எங்கிருந்து வரும்? அப்புறம் மிச்சம் இருப்பது உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர்கள். சட்டப்படி அவர்கள் மாதம் 4 விழுக்காடுவரை வட்டி வாங்கலாம், கவனியுங்கள், ஆண்டுக்கு இல்லை, மாதத்துக்கு. கடன் தொகையில் 10 விழுக்காடுவரை கட்டணமும் பிடிக்கலாம். ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் அங்கேயும் 3,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காது. அதுவும் தீர்ந்தபிறகு கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை நம்பி உரிமமில்லாதவனிடம் போய், வாசல் கதவில் பெயிண்ட் ஊற்றப்பட்டு, அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியாமல் வீடு மாறிப்போன குடும்பத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம், இது எனக்குத் தெரிந்த அழகுக்கலைஞர்கள் பலருக்கே தெரியாது. கடன் முற்றி, கொடுத்தவர் திவால் மனுப் போடும் நிலைக்கு வந்துவிட்டால், 150,000 வெள்ளிவரை கடன் இருப்பவர்களைத் திவாலாகாமல் காப்பாற்றக் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் கட்டி முடிக்கும்படி ஏற்பாடு செய்வார்கள். ஆனால் தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் தனி உரிமையாளராகத் தொழில் பதிந்திருப்பவர் அதில் சேர முடியாது. 115 வெள்ளி கட்டி ஆசை ஆசையாகப் பெயர் வைத்துப் பதிவு செய்த அந்த ஒரு காரியமே கடைசி வாசலை அடைத்துவிடும். தனி உரிமையாளர் என்றால் தொழில் கடனும் சொந்தக் கடனும் ஒன்றுதான், தனித்தனி கிடையாது என்பதையும் பதிவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை போனால் அரசாங்கம் உதவுமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளிவரை தருகிறது, உண்மைதான், ஆனால் அது ஆட்குறைப்பு மாதிரி தம் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு. நாமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அதில் இடமில்லை.

சரி, கடனோடு வந்துவிட்டார்கள் என்றே வைப்போம். வந்தவர்கள் கை எப்படி மாறுகிறது என்பதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மாதம் 28ஆம் தேதி கார்டு கட்ட வேண்டியவள் 20ஆம் தேதி என்ன செய்கிறாள்? ஃபேஷியலுக்கு வந்து படுத்திருக்கும் வாடிக்கையாளரிடம், முகத்தில் மாஸ்க் காயும்வரை எழுந்து போக முடியாத அந்த நேரத்தில், பத்து தடவை பேக்கேஜ் எடுங்கள், இன்றைக்கு மட்டும் சலுகை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. கமிஷன் வராவிட்டால் தவணை கட்ட முடியாது. பயனீட்டாளர் சங்கத்துக்குப் புகார் அதிகம் வரும் துறைகளில் அழகுச் சேவையும் அடிக்கடி இருப்பதற்கு இந்த நெருக்கடி விற்பனை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

மணப்பெண் அலங்காரத்தில் இதே நோய் அட்வான்ஸாக வரும். அடுத்த தை மாதக் கல்யாணத்துக்கு இந்த ஆடியில் வாங்கிய அட்வான்ஸை எடுத்து இந்த மாதக் கார்டுக்குக் கட்டுவது. அப்படிச் செய்தால் அந்த மணப்பெண்ணும் நமக்குக் கடன் கொடுத்தவள் ஆகிவிடுகிறாள், வட்டி வாங்காத ஒரே வித்தியாசம்தான். 2020இல் என்ன நடந்தது என்று தொழிலில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஏப்ரல் 7ஆம் தேதி கொரோனாவுக்காகச் சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் வந்தது, ஜூன் 19 இரண்டாம் கட்டத் தளர்வு வரும்வரை அழகு நிலையங்கள் மூடிக்கிடந்தன, கல்யாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போயின. அட்வான்ஸைத் தொடாமல் வைத்திருந்தவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கடனுக்குக் கட்டித் தீர்த்தவர்கள் போனை எடுக்காமல் இருந்தார்கள். சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு உதவித்தொகை கொடுத்ததால்தான் பலர் தப்பினார்கள். ஆனால் போனை எடுக்காத பெயர் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, நம் சமூகம் சின்னது, ஒரு வீட்டில் நடந்தது மறுவாரமே பெருமாள் கோயில் மண்டபத்தில் பேச்சாகிவிடும்.

படிப்புக்காக வாங்கும் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில ஆயிரம் வெள்ளி கேட்கும் வகுப்புகளுக்கு, "தவணையில் கட்டலாம்" என்ற ஒரு சொல்லில் மயங்கி, ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். முதலில், பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். 25 வயது நிறைந்தவர்களுக்கு 500 வெள்ளி உண்டு, 40 வயது நிறைந்தவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இன்னும் 4,000 வெள்ளி உண்டு. எல்லா வகுப்புக்கும் அது செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட வகுப்பா என்று கேட்டுத்தான் சேர வேண்டும், 4,000-க்கு உரிய பட்டியல் இன்னும் குறுகியது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலேயே அழகுக்கலை சொல்லித் தருகிறார்கள், அதை விட்டுவிட்டு ஒரு வாரத்தில் பிரைடல் மேக்கப் என்ற விளம்பரத்துக்கு எதற்குக் கடன் வாங்க வேண்டும்? ஒரு வாரத்தில் பிரஷ்ஷின் பெயர் தெரியும். மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஐலைனர் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில் வராது.

வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்தால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதா, முழு மனசோடு இறங்கினால்தானே தொழில் பிடிபடும் என்று கேட்பார்கள். வேறு தொழிலுக்கு அது பொருந்தலாம். சிங்கப்பூரில் நம் கல்யாணங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் நடக்கின்றன, அலுவலக வேலைக்காரருக்கு அதுதான் விடுமுறை. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பூப்புனித நீராட்டு விழா, பரதநாட்டிய அரங்கேற்றம் எல்லாமே அப்படித்தான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மருதாணி வேலை சாயந்திரத்தில்தான் குவியும். வீவக வீட்டில் இருந்தபடி சின்ன அளவில் அழகுச் சேவை செய்வதற்கும் விதிகள் இடம் தருகின்றன, வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை வைக்கக் கூடாது, பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது, அவ்வளவுதான். இப்போதைய முதலாளியிடம் வெளிவேலைக்கு அனுமதி வாங்க வேண்டுமா என்று மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு ஆடியும் இரண்டு தையும் பார்த்துவிட்டால் இந்தத் தொழில் உங்களுக்கு எவ்வளவு தரும் என்று உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லிவிடும். வாங்கும் கூலியை ஒளிக்காமல் வருமான வரிக்குக் காட்டுங்கள். நாளைக்கு முழுநேரமாக வந்தபிறகு வங்கிக்குக் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.

நான் சொன்ன அந்தப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள். கார்டு பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றிக்கொண்டாள், ஒரு கார்டை வெட்டிப் போட்டுவிட்டாள், வார இறுதியில் என்னோடு வருகிறாள். ஜடை பின்னுவதில் ஏற்கெனவே என்னைவிட வேகம்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "அடுத்தவன் முகத்தைத் தொடச்சி விடவா உன்னைப் படிக்க வச்சோம்" என்று பேசும் வீடுகளில்தான் பெண்கள் கடனை மறைக்கிறார்கள், படிப்புக் கட்டணத்தை மறைக்கிறார்கள், அம்மா போட்ட வளையலை அடகுக் கடையில் வைத்துவிட்டுக் கவரிங் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அடகுக் கடை வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, கார்டைவிட அது மலிவுதான், நெருக்கடியில் நகையை வைத்துக் கார்டை அடைத்தால்கூட நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்தில் மீட்கவோ புதுப்பிக்கவோ வேண்டும், அதை யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்தால் தேதி தவறும், நகை போகும். மகள் வந்து இந்தத் தொழிலுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னால், தயவுசெய்து முதலில் திட்டாமல் கேளுங்கள். கடன் எவ்வளவு என்று அவள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வேலையை விட்டுவிட்டுத் தொழிலில் ஜெயித்த பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும்போது, அவர்கள் வேலையை விட்ட அன்று கையில் எவ்வளவு சேமிப்பு இருந்தது, எவ்வளவு கடன் இருந்தது, வீட்டுத் தவணையை யார் கட்டினார்கள் என்பதையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். படிக்கும் பெண் அந்த இடத்தைத்தான் தேடுகிறாள், அது மட்டும் கட்டுரையில் இருப்பதில்லை. இரண்டாவது, கார்டு பாக்கியைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது எப்படி, யாரிடம் போவது, என்னென்ன தாள் கொண்டுபோவது என்பதைத் தமிழில், ஒரு பக்கத்தில், கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் சமூக மன்றங்களும் பெண்களுக்கு ஒப்பனை வகுப்பு நடத்தும் நாட்களில், வகுப்பு தொடங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கிக் கடன் ஆலோசகர் ஒருவரைத் தமிழில் பேச வைத்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு நாள் வைத்தால் நானும் வந்து, என் வரவு செலவுப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறேன். ஆடி மாதப் பக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரக் கலைஞர்,
உட்லண்ட்ஸ்.